மேசை மேல் ஒரு சேனை: கற்பனைப் படையை ஒழுங்கமைப்பதும் பட்டியலில் விடுபடுபவர்களும்

யுத்தத்தை நேரில் கண்ட வீடுகளில் படை, அணி, தளபதி என்பவை விளையாட்டுச் சொற்கள் அல்ல. ஆனாலும் அதே வீடுகளில் வளரும் பிள்ளைகளின் கைத்தொலைபேசிகளில் சுடும் விளையாட்டுகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அந்தத் திரையில் துப்பாக்கி தானாகக் கையில் வந்து சேர்கிறது. குண்டைச் சுமந்து வந்தவர் யார், சோறு சமைத்தவர் யார், விழுந்தவரைத் தூக்கிச் சென்றவர் யார் என்று எவரும் கேட்பதில்லை.

இதற்கு மாறான இன்னொரு வகைப் போர் விளையாட்டும் உலகில் உண்டு. அதில் திரை இல்லை. ஒரு மேசை, சில சிறு பொம்மைகள், ஓர் அளவுகோல், ஒரு பகடை ஆகியவை போதும். விளையாடுபவர் முதலில் உட்கார்ந்து தனது படையின் பட்டியலைத் தன் கையால் எழுத வேண்டும். யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது, யார் எத்தனை பெறுமதி என்று அவரே முடிவுசெய்ய வேண்டும். அறிவியல் புனைகதை உலகில் நடப்பதாகக் கற்பனை செய்யப்படும் இத்தகைய படையை எப்படி ஒழுங்கமைப்பது என்பதையே இக்கட்டுரை விளக்குகிறது. களமாக எடுத்துக்கொள்வது எமது மலையகத்தை. ஆட்களைப் பட்டியலிட்டு எண்ணும் வழக்கத்தை மலையகத் தோட்டங்களைப் போல் நீண்டகாலம் அனுபவித்த இடம் இந்நாட்டில் வேறு இல்லை என்பதே அதற்குக் காரணம்.

சதுரங்கத்திலிருந்து நொட்டிங்ஹாம் வரை

படையைப் பலகையில் வைத்து ஆடுவது எமக்குப் புதிதல்ல. சதுரங்கம் என்ற சொல்லுக்கே நான்கு உறுப்புகள் என்றுதான் பொருள். யானை, குதிரை, தேர், காலாள் என்பவையே அந்த நான்கு. ஒவ்வோர் உறுப்பும் வேறு விதமாக நகரும், ஒவ்வொன்றுக்கும் வேறு பெறுமதி உண்டு. படையை வகைகளாகப் பிரிப்பது என்ற அடிப்படை எண்ணம் அங்கேயே இருக்கிறது. திருக்குறளும் படைமாட்சி, படைச்செருக்கு என்று இரண்டு அதிகாரங்களைப் படைக்கென ஒதுக்கியிருக்கிறது.

நவீன மேசைப் போர் விளையாட்டு பிரஷ்யாவில் பிறந்தது. ரைஸ்விட்ஸ் என்ற தந்தை 1812இல் அரசர் முன் ஒரு போர் விளையாட்டை வைத்தார். இராணுவ அதிகாரியான அவருடைய மகன் அதைத் திருத்தி 1824இல் நூலாக வெளியிட்டார். சதுரங்கக் கட்டங்களுக்குப் பதிலாக உண்மையான நிலவரைபடம் வந்தது. படைப்பிரிவுகளைச் சிறு கட்டைகள் குறித்தன. தற்செயலைப் பகடை தீர்மானித்தது. இரு தரப்புக்கும் நடுவே ஒரு நடுவர் இருந்து, யாருக்கு எது தெரியும், எது தெரியாது என்பதைக் கட்டுப்படுத்தினார். பிரஷ்ய இராணுவம் தன் அதிகாரிகளைப் பழக்க இதைப் பயன்படுத்தியது. ஆக, இந்த விளையாட்டின் வேர் அப்பாவித்தனமானதல்ல. கொல்வதைத் திட்டமிடப் பழக்கிய கருவியாகவே அது வளர்ந்தது.

அதை வீட்டு அறைக்குள் கொண்டுவந்தவர் அறிவியல் புனைகதையின் முன்னோடிகளில் ஒருவரான எச். ஜி. வெல்ஸ். செவ்வாய்க்கிரகத்தவர் பூமியைத் தாக்கும் கதையை 1898இல் நூலாக எழுதிய அதே வெல்ஸ், 1913இல் பொம்மைச் சிப்பாய்களை வைத்து விளையாடும் விதிகளை 'லிட்டில் வோர்ஸ்' என்ற சிறு நூலாக வெளியிட்டார். அதன் முடிவில், பெரிய மனிதர்கள் தங்கள் போர் வெறியை இப்படிப் பொம்மைகளோடு தீர்த்துக்கொண்டால் நல்லது என்றும், மூன்று நான்கு முறை ஆடிப் பார்த்தாலே உண்மையான போர் எவ்வளவு தடுமாற்றமான காரியம் என்று விளங்கிவிடும் என்றும் வாதிட்டார். அடுத்த ஆண்டே முதலாம் உலகப் போர் தொடங்கியது. அதே வெல்ஸ் அந்தப் போரை எல்லாப் போர்களுக்கும் முடிவுகட்டும் போர் என்று ஆதரித்து எழுதினார். விளையாட்டு மனிதரைத் தானாகத் திருத்திவிடாது என்பதற்கு அவரே உதாரணம்.

இன்று இந்தத் துறையில் மிகப் பெரிய பெயர் இங்கிலாந்தின் நொட்டிங்ஹாமைத் தலைமையிடமாகக் கொண்ட கேம்ஸ் வொர்க்‌ஷொப் நிறுவனம். 1975இல் தொடங்கிய இந்நிறுவனம் 1987இல் 'வார்ஹாமர் 40,000' என்ற விளையாட்டை வெளியிட்டது. ரிக் பிரீஸ்ட்லி என்பவர் அதை வடிவமைத்தார். இற்றைக்கு ஏறத்தாழ முப்பத்தெட்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னர், விண்மீன் கூட்டம் முழுவதும் ஓயாத போரில் மூழ்கியிருக்கும் உலகம் அது. அங்கே ஒவ்வொரு கிரகமும் பேரரசுக்கு வரியாகச் சிப்பாய்களை அனுப்ப வேண்டும். அந்தப் பேரரசு போற்றத்தக்கதல்ல, அது கொடுங்கோன்மையின் எச்சரிக்கைச் சித்திரமே என்று நிறுவனம் 2021 நவம்பரில் வெளிப்படையாக அறிக்கை விட வேண்டியிருந்தது. ஸ்பெயினில் நடந்த ஒரு போட்டிக்கு ஒருவர் நாசிச் சின்னங்களை அணிந்து வந்ததைத் தொடர்ந்தே அந்த அறிக்கை வந்தது.

பட்டியல் எப்படி எழுதப்படுகிறது?

இத்தகைய விளையாட்டுகளில் படையை ஒழுங்கமைக்க மூன்று கட்டுப்பாடுகள் உண்டு.

முதலாவது, புள்ளி. ஒவ்வொரு பொம்மைக்கும் அதன் வலிமைக்கேற்ப ஒரு விலை உண்டு. இரு தரப்பும் 1,000 அல்லது 2,000 புள்ளி என்று ஒரே தொகைக்கு ஒப்புக்கொண்டு, அதற்குள் தங்கள் படையைக் கட்ட வேண்டும். விலை கூடிய ஒரு கவச வண்டியை எடுத்தால் பத்துச் சாதாரணச் சிப்பாய்களை விட வேண்டி வரும்.

இரண்டாவது, வகை. தனக்குப் பிடித்த பெரிய ஆயுதங்களை மட்டும் ஒருவர் குவித்துக்கொள்ள முடியாது. வார்ஹாமரின் 1998ஆம் ஆண்டுப் பதிப்பு இதற்கு ஓர் அட்டவணையைத் தந்தது. ஒரு தலைமை அணியும் இரண்டு சாதாரணச் சிப்பாய் அணிகளும் கட்டாயம் இருக்க வேண்டும். அதற்கு மேல் தேர்ந்த வீரர், விரைவுத் தாக்குதல், கனரக ஆதரவு என்ற மூன்று வகைகளில் ஒவ்வொன்றிலும் மூன்று வரை சேர்க்கலாம். சாதாரணச் சிப்பாய் இல்லாமல் படை இல்லை என்பதே அந்த அட்டவணையின் செய்தி.

மூன்றாவது, கட்டளைச் சங்கிலி. ஒருவரின் குரல் எட்டும் தூரத்தில் எத்தனை பேரை நடத்த முடியும் என்பதிலிருந்தே எல்லாப் படைகளும் கட்டப்படுகின்றன. ரோமானியப் படையில் எட்டுப் பேர் ஒரு கூடாரத்தைப் பகிர்ந்த சிறு குழுவாக இருந்தனர். இன்றைய படைகளிலும் அடிமட்டக் குழு ஏறத்தாழ எட்டிலிருந்து பத்துப் பேர்தான். அதன் மேல் முப்பது பேர் கொண்ட அணி, அதன் மேல் நூறு, நூற்றைம்பது பேர் கொண்ட கம்பனி என்று ஏணி ஏறும். வார்ஹாமரின் புகழ்பெற்ற விண்வெளி வீரர்களும் பத்துப் பேர் கொண்ட குழு, நூறு பேர் கொண்ட கம்பனி, பத்துக் கம்பனிகள் சேர்ந்த ஆயிரம் பேர் என்றே அடுக்கப்பட்டுள்ளனர். எவ்வளவு தூரத்து விண்மீனுக்குப் போனாலும், மனிதக் குரலின் எல்லை மாறுவதில்லை.

பிரட்டுக்களம் அறிந்த கணக்கு

இந்த மூன்றும் தோட்டத்து வாசகர்களுக்கு எங்கோ கேட்டது போல இருந்தால் வியப்பில்லை. அதிகாலையில் தொழிலாளர்கள் கூடி நின்று வேலை பிரித்துக்கொள்ளும் இடத்துக்குப் பிரட்டுக்களம் என்று பெயர். பிரட்டு என்பது படையணிவகுப்பைக் குறிக்கும் பரேட் என்ற ஆங்கிலச் சொல்லின் தோட்டத்து வடிவம். தப்படித்து எழுப்பப்பட்டு, வரிசையில் நின்று, பெயர் கூப்பிடப்பட்டு, மலைக்கு அனுப்பப்பட்டவர்கள் படைச் சொல்லொன்றைத் தினமும் உச்சரித்தனர்.

மேலே பெரியதுரை, அவருக்குக் கீழே சின்னத்துரை, பிறகு கண்டக்டர், கணக்கப்பிள்ளை, கங்காணி, கடைசியில் கேங்கில் நிற்கும் தொழிலாளி என்று கட்டளை இறங்கியது. இது வெறும் ஒப்புமை மட்டுமல்ல. பிரித்தானியர் காலத்தில் ஐரோப்பியத் தோட்டத்துரைமாருக்கென்றே 'சிலோன் பிளாண்டர்ஸ் ரைஃபிள் கோர்ப்ஸ்' என்ற தொண்டர் படை இருந்தது. 1900இல் தொடங்கப்பட்டு, கண்டியைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அப்படை 1949இல் கலைக்கப்பட்டது. மலையை நடத்திய அதே ஆட்கள் படையிலும் பழகினார்கள்.

புள்ளிக் கணக்கும் அங்கே இருந்தது. செக்ரோலில் ஒரு நாள் வேலை என்பது ஒரு 'பேர்'. நிர்ணயித்த கிலோ கொழுந்து இல்லையென்றால் 'அரைப்பேர்'. கங்காணி முறை நிலவிய காலத்தில், பெரிய கங்காணிக்குத் தன் ஆட்களில் வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு தலைக்கும் இவ்வளவு சதம் என்று காசு கிடைத்தது. ஆளின் பெயர் இன்னொருவரின் வருமானப் புள்ளியாக இருந்தது என்பதே இதன் பொருள்.

பின்னர் அரசுகளும் அதையே பெரிய அளவில் செய்தன. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையக மக்களில் மிகப் பெரும்பாலானோரைப் பட்டியலிலிருந்து வெளியே தள்ளியது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரை எண்ணி, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிகுதி 150,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பிரித்தது. 1974இல் அந்த மிகுதியும் சரிபாதியாக வெட்டப்பட்டது. அந்த மேசையில் அந்த மக்களில் எவரும் உட்கார்ந்திருக்கவில்லை.

எழுபதுகளின் பஞ்சமும் 1977, 1983 வன்செயல்களும் மலையகக் குடும்பங்கள் பலவற்றை வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் விரட்டின. தோட்டத்தை விட்டு ஓடியவர்கள் வன்னியில் யுத்தத்துக்குள் அகப்பட்டார்கள். நிவாரணப் பட்டியல், முகாம் பட்டியல், காணாமற்போனோர் பட்டியல் என்று அவர்களுடைய பெயர்கள் மீண்டும் மீண்டும் எழுதப்பட்டன. சில பெயர்கள் எழுதப்படாமலே போயின. ஆகவே பட்டியல் எழுதுவது என்பது எமக்கு விளையாட்டின் முதற்படி மட்டுமல்ல. அது அதிகாரத்தின் முதற்படி. அதை ஒரு பிள்ளைக்குப் புரியவைக்க இந்த மேசை விளையாட்டு நல்ல வாய்ப்பு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சிவனொளிபாத மலை அடிவாரத்தில் ஒரு படை

அறிவியல் புனைகதைக்கு மலையகம் அந்நியமான களமல்ல. 1956 முதல் 2008இல் இறக்கும்வரை இலங்கையில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க், 1979இல் வெளியிட்ட 'தி ஃபவுன்டன்ஸ் ஒஃப் பரடைஸ்' நாவலில், பூமியிலிருந்து விண்வெளிக்குச் செல்லும் ஒரு மாபெரும் மின்தூக்கியைக் கற்பனை செய்தார். இலங்கையை மத்தியரேகைக்கு நகர்த்தி, தப்ரபேன் என்று பெயரிட்டு, சிவனொளிபாத மலையை முன்மாதிரியாகக் கொண்ட மலையுச்சியில் அந்த மின்தூக்கியின் அடித்தளத்தை வைத்தார்.

அந்த எண்ணத்தைக் கடன் வாங்கி எமது உதாரணத்தைத் தொடங்குவோம். இன்னும் இருநூறு ஆண்டுகள் கழித்து, மலையுச்சியில் விண்வெளி மின்தூக்கி இயங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் அடிவாரத்தில் மஸ்கெலியாப் பள்ளத்தாக்கில் மக்கள் வாழ்கிறார்கள். மின்தூக்கியைக் கைப்பற்ற ஒரு விண்வெளிக் கம்பனி வருகிறது. பள்ளத்தாக்கைக் காக்க மக்கள் ஒரு படை திரட்டுகிறார்கள். கீழே வரும் புள்ளிகளும் விதிகளும் இந்தக் கட்டுரைக்காக நாம் அமைத்தவை. உங்கள் விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாம்.

முதலில் ஒரே வசனத்தில் எழுதுங்கள்: இந்தப் படை யாருடையது, எதற்காக நிற்கிறது? இதற்கு விடை இல்லாமல் ஆயுதம் தெரிவு செய்யத் தொடங்கினால் அது படையாக இராது, பொம்மைக் குவியலாகவே இருக்கும். எமது விடை: "பள்ளத்தாக்கு மக்கள் வெளியேறும்வரை பாதையைத் திறந்து வைத்திருக்கும் படை."

அடுத்து, 1,000 புள்ளிக்குள் பட்டியல்:

தலைமைக் குழு, 4 பேர் – 120
காவல் குழுக்கள் இரண்டு, குழுவுக்கு 10 பேர், ஆளுக்கு 15 – 300
மலையேறி வேவுக் குழு, 5 பேர், ஆளுக்கு 22 – 110
ட்ரோன்கள் 3, ஒன்றுக்கு 40 – 120
கவச வண்டி ஒன்று – 200
சுமை தூக்குவோர் 10 பேர், ஆளுக்கு 5. அவர்களுக்கு ஒரு லொறி 60 – 110
மருத்துவ உதவியாளர் 4 பேர், ஆளுக்கு 10 – 40

கூட்டிப் பார்த்தால் சரியாக 1,000 வரும்.

இப்போது இந்தப் பட்டியலைப் பார்க்கும் எந்த இளைஞருக்கும் ஓர் எண்ணம் வரும். சுமை தூக்குவோரும் மருத்துவ உதவியாளரும் சேர்ந்து 150 புள்ளி. அவர்களை வெட்டினால் அதே 150க்கு இன்னொரு முழுக் காவல் குழு கிடைக்கும். துப்பாக்கி பிடிக்கும் பத்துப் பேர்! உண்மையில் பெரும்பாலான விளையாட்டுப் பட்டியல்கள் அப்படித்தான் எழுதப்படுகின்றன. விதிகளில் சுமப்பவருக்கு வேலை இல்லாததால் அவர் பட்டியலில் இருப்பதில்லை.

ஆகவே இரண்டு விதிகளைச் சேர்ப்போம். மூன்றாவது சுற்றின் பின்னர், சுமை தூக்குவோர் வந்து சேராத எந்தக் குழுவும் பாதிப் பகடைகளோடுதான் சுட முடியும். மருத்துவ உதவியாளர் எட்டாத இடத்தில் விழுந்தவர் அடுத்த விளையாட்டுக்கும் வரமாட்டார். இந்த இரண்டு விதிகளோடு இருமுறை ஆடிப் பாருங்கள். மூன்று காவல் குழுக்களோடு வந்தவர் முதல் மூன்று சுற்றில் ஆரவாரமாக முன்னேறுவார். நான்காவது சுற்றில் அவருடைய குழுக்களின் கையில் பாதிப் பகடைகளே இருக்கும். பட்டியலில் விடுபட்டவர்களே முடிவைத் தீர்மானிக்கிறார்கள் என்பதைப் பாடம் நடத்தாமலே மேசை சொல்லிவிடும்.

வரலாறும் அதையே சொல்கிறது. 1942, 1943இல் ஜப்பானிய இராணுவம் சயாம்–பர்மா ரயில் பாதையை அமைத்தபோது, நேசநாட்டுப் போர்க்கைதிகளில் 12,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுக்குப் பராமரிக்கப்படும் மயானங்கள் உண்டு. அதே பாதையில் இறந்த ஆசியத் தொழிலாளர்கள் அவர்களைவிடப் பல மடங்கு. மலாயா இறப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர்கள் அவர்களில் பெருந்தொகையினர். அவர்களின் எண்ணிக்கையை எவரும் சரியாக எழுதி வைக்கவில்லை. சுமந்தவர் பட்டியலில் இல்லையென்றால் இறந்தவர் பட்டியலிலும் இல்லை.

நிலத்தை அமைத்தல்

கடையில் விற்கும் சிற்றுருவப் பொம்மைகள் பொதுவாக 28 மில்லிமீற்றர் உயரத்தை அளவாகக் கொண்டவை. ஒரு பெட்டியின் விலை தோட்டத் தொழிலாளி ஒருவரின் பல நாட் சம்பளம். அதை வாங்க வேண்டிய தேவை இல்லை. சட்டைப் பொத்தான், சோடா மூடி, மடித்து நிறுத்திய கடதாசி உருவம் எதுவும் பொம்மையாகலாம். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு பெயரை எழுதுங்கள். இலக்கம் வேண்டாம், பெயர். அதற்கான காரணம் பின்னர் வரும்.

மேசைக்கு மலையகத்தையே கொண்டுவரலாம். தேயிலைப் பெட்டி மட்டைகளை ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டினால் மலைச்சரிவு. ஸ்பொஞ் துண்டுகளை வரிசையாக வெட்டி வைத்தால் தேயிலை நிரை. தோட்டம் அறிந்தவருக்கு மட்டுமே தெரியும் சில நுட்பங்களை இங்கே விதியாக்கலாம்.

கொழுந்து பறிக்கும் மலையில் செடி இடுப்பளவு நிற்கும். குனிந்தால் மறைவு கிடைக்கும், ஆனால் நிரைக்குக் குறுக்கே நகர்வது கடினம். கவ்வாத்து வெட்டிய மலையில் செடி வெறும் கொம்பாக நிற்கும். அங்கே மறைவே இல்லை. கான்கள் ஒளிந்து நகரும் வழிகள். ஆனால் மழை பெய்தால் அவை ஓடைகள். சமதரையில் ஆறு அங்குலம் நகரும் குழு ஏற்றத்தில் மூன்று அங்குலம் மட்டுமே நகரட்டும். சுமை தூக்குவோர் மட்டும் ஏற்றத்திலும் ஐந்து அங்குலம் போகட்டும், ஏனெனில் கொழுந்துக் கூடையோடு அந்த மலையைத் தினமும் ஏறியவர்கள் அவர்களே. ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் ஒரு பகடை போடுங்கள். ஒன்று விழுந்தால் மலையில் மூட்டம் இறங்குகிறது, அந்தச் சுற்றில் ஓர் அடிக்கு மேல் எவருக்கும் எதுவும் தெரியாது.

இப்படி எழுதும்போது ஒரு பிள்ளைக்குத் தன் ஊரைப் பற்றிய அறிவு பெறுமதி உள்ளதென்று தெரிகிறது. வெளியிலிருந்து வரும் விதிப்புத்தகத்தில் கவ்வாத்து மலை இருக்காது.

புள்ளி இல்லாத மனிதர்கள்

பெரும்பாலான மேசைப் போர்களில் ஊர் காலியாகவே இருக்கும். கட்டடங்கள் உண்டு, அவற்றில் ஆட்கள் இல்லை. எமது வாசகர்களுக்கு இது எவ்வளவு பெரிய பொய் என்று சொல்லத் தேவையில்லை.

எனவே லயங்களிலும் ஸ்டோரிலும் பாடசாலையிலும் பன்னிரண்டு பொதுமக்கள் உருவங்களை வையுங்கள். அவர்களுக்குப் புள்ளி இல்லை, அவர்கள் எந்தப் பட்டியலுக்கும் சொந்தமில்லை. ஒவ்வொரு சுற்றிலும் அவர்கள் சத்தம் குறைந்த திசைக்கு நகர்வார்கள். அவர்களில் ஒருவர் பாதிக்கப்பட்டால், சுட்டது எந்தத் தரப்போ அந்தத் தரப்பு வெற்றிப் புள்ளியை இழக்கும். அவர்களை மறைப்பாகப் பயன்படுத்தும் தரப்பும் அதேயளவு இழக்கும். இரண்டு விதிகளும் சேர்ந்தே இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் வைத்தால் விளையாட்டு ஒரு தரப்பின் பிரசாரமாகிவிடும்.

பொதுமக்களை நடுவில் வைக்கும் விளையாட்டுகள் உலகில் இல்லாமல் இல்லை. போலந்து நிறுவனமொன்று 2014இல் வெளியிட்ட 'திஸ் வோர் ஒஃப் மைன்' என்ற கணினி விளையாட்டு, சரயேவோ முற்றுகையை உந்துதலாகக் கொண்டது. அதில் விளையாடுபவர் சிப்பாய் அல்ல. உணவும் மருந்தும் தேடி ஒரு சிதைந்த வீட்டில் ஒளிந்து வாழும் சாதாரண மனிதர். போலந்து அரசு 2020இல் அதை மேல்வகுப்பு மாணவர்களுக்கான பரிந்துரைப் பட்டியலில் சேர்க்கப்போவதாக அறிவித்தது.

இனி, பெயர்களுக்கு வருவோம். ஆட்டம் முடிந்ததும் பொம்மைகளைக் கூட்டி அள்ளிப் பெட்டியில் போடாதீர்கள். வெளியே எடுக்கப்பட்ட ஒவ்வோர் உருவத்தையும் புரட்டி, அடியிலுள்ள பெயரை வாசித்து, அவர் எங்கே எதனால் விழுந்தார் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். இரு தரப்புப் பெயர்களையும் ஒரே கொப்பியில் எழுதுங்கள். அடுத்த ஆட்டத்தில் அந்தப் பெயர் திரும்ப வரக்கூடாது. 1995இல் வெளிவந்த 'நெக்ரோமுண்டா' போன்ற விளையாட்டுகளில் ஓர் ஆட்டத்தில் பட்ட காயம் அடுத்த ஆட்டத்துக்கும் தொடர்வது வழக்கம். விதி எளிது, ஆனால் ஆடும் விதத்தையே மாற்றிவிடும். திரும்பி வராது என்று தெரிந்தால் எவரும் பத்துப் பேரை வீணே முன்னே தள்ளமாட்டார்கள்.

எமது கூத்து மரபும் களத்தின் முடிவோடு நின்றுவிடுவதில்லை. காமன் கூத்து, அருச்சுனன் தபசு ஆகியவற்றோடு மலையகத் தோட்டங்களில் ஆடப்படும் பொன்னர் சங்கர் கதையில், அண்ணன்மார் விழுந்த படுகளத்துக்குத் தங்கை தேடி வருகிறாள். போரைச் சொல்லும் கதை, விழுந்தவரைத் தேடுபவரையும் சேர்த்தே சொல்கிறது. விடியும்வரை அமர்ந்து அதைப் பார்க்கும் சனத்துக்கு அந்தத் தேடலும் கதையின் பாதிதான்.

சில எச்சரிக்கைகள்

அறிவியல் புனைகதை ஒரு தூரத்தைத் தருகிறது. எந்த இனத்தையும் எந்த இயக்கத்தையும் எந்த இராணுவத்தையும் நேரடியாகத் தொடாமல் அதிகாரம், கட்டளை, இழப்பு பற்றிப் பேச அந்தத் தூரம் உதவும். அதனால் உண்மையான கொடிகள், சின்னங்கள், சண்டை நடந்த ஊர்களின் பெயர்கள் ஆகியவற்றை மேசைக்குக் கொண்டுவர வேண்டாம். அவற்றோடு வாழும் துயரம் இன்னும் ஆறவில்லை.

அதே தூரம் ஒரு பொறியும்கூட. எதிரியைப் பூச்சியாகவோ பேயாகவோ வரைந்துவிட்டால் கொல்வது சுலபமாகிவிடும். எமது உதாரணத்தில் வரும் விண்வெளிக் கம்பனியின் சிப்பாய்கள் யார்? கடனுக்காகக் கையெழுத்திட்டு வந்தவர்களா? அவர்களுடைய ஊர் எது? எதிர்த்தரப்பின் பட்டியலையும் நீங்களே ஒருமுறை எழுதிப் பாருங்கள். அவர்களுக்கும் சுமப்பவர் வேண்டும், அவர்களுக்கும் சோறு வேண்டும். கடனோடு கப்பலேறிய முன்னோரின் கதையை அறிந்த பிள்ளைக்கு, கடனுக்கு விற்கப்பட்ட சிப்பாயை விளங்கிக்கொள்வது கடினமாக இராது.

எவரையும் வற்புறுத்தி உட்கார வைக்கவும் கூடாது. பட்டாசுச் சத்தமே தாங்க முடியாதவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். இது மருந்துமல்ல, ஆற்றுப்படுத்தலுமல்ல. யாராவது எழுந்து போக விரும்பினால் காரணம் கேட்காமல் விட வேண்டும். பெரியவர்கள் பக்கத்தில் இருந்து, "உன் படைக்கு இன்று யார் சமைத்தது?" என்று ஒரு கேள்வி கேட்டாலே போதும்.

ஒரு கற்பனைப் படையை ஒழுங்கமைக்கத் தெரிந்த பிள்ளை, நாளை ஒரு செய்தியில் "500 பேர் கொண்ட அணி நகர்த்தப்பட்டது" என்று வாசிக்கும்போது, அந்த ஐந்நூறு பேருக்குப் பின்னால் எத்தனை பேர் சுமக்கிறார்கள், எந்த ஊர் காலியாகிறது, யாருடைய பெயர் எழுதப்படவில்லை என்று கேட்கும். செக்ரோலிலும் ஒப்பந்தத்திலும் முகாமிலும் எண்ணப்பட்டு வாழ்ந்த ஒரு சமூகத்தின் பிள்ளை அந்தக் கேள்வியைக் கேட்கப் பழகுவது அவசியம். அதற்குத் தேவையானவை சில சட்டைப் பொத்தான்கள், ஒரு பகடை, பெயர்கள் எழுத ஒரு கொப்பி.